பல் இருக்கிறது, பசியைக் காணோம்

அமெரிக்கக் காமிக்ஸ் நாயகி வாம்பிரெல்லாவின் அந்தச் சிவப்பு உடையைத் திட்டப்போகிறேன் என்று நினைத்து வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது கொஞ்சத்தில் முடிந்துவிடும். ஐம்பது வருடத்துக்கு மேலாக உலகமே அதைப் பேசியாகிவிட்டது. கழுத்துப்பட்டை, நடுவில் இரண்டு நாடா, காலில் பூட்ஸ், அவ்வளவுதான் உடை. பனிமலையில் சண்டை என்றாலும் அதேதான், பாதாளக் கல்லறை என்றாலும் அதேதான். அபத்தம். சரி, ஒத்துக்கொண்டோம். அப்புறம்?

எனக்கு வேறு ஒரு கேள்வி இருக்கிறது. இவளை ரத்தக்காட்டேரி என்கிறார்கள். ரத்தம் குடிப்பவள் என்றுதானே அர்த்தம்? அப்படியானால் இவள் எப்போது குடிக்கிறாள், யாருடையதைக் குடிக்கிறாள், குடிப்பதற்கு யார் அனுமதி கொடுத்தார்கள், குடிக்கும்போது ஓவியர் அவள் முகத்தை என்ன செய்கிறார்? பெண் காட்டேரி நாயகியாக வரும் எந்தக் காமிக்ஸை எடுத்தாலும் இப்போதெல்லாம் நான் பார்ப்பது இதைத்தான். ட்ராகுலாவிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. அவன் பசித்தால் குடிப்பான், கதை நகரும். நாயகிகளுக்குத்தான் பசி வந்தவுடன் ஒரு டாக்டர் வருவார், ஒரு மருந்துக் குப்பி வரும், இல்லையென்றால் ஒரு நல்லவன் வந்து தன் கழுத்தைக் காட்டுவான்.

கொஞ்சம் பழைய கதை. 1954-இல் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் சேர்ந்து தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதி போட்டுக்கொண்டார்கள். காமிக்ஸால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று நாடு முழுக்கக் கூச்சல், அரசு தலையிடுவதற்குள் நாமே கத்தரித்துக்கொள்வோம் என்ற பயம். அதன்படி நடமாடும் பிணம், ஓநாய் மனிதன், ரத்தக்காட்டேரி எதுவும் கூடாது. 1971-இல்தான் தளர்த்தினார்கள், ட்ராகுலா மாதிரி பழைய இலக்கிய மரபில் வருகிற பேய் என்றால் பரவாயில்லை என்று. ஆனால் இந்த விதி காமிக்ஸ் புத்தகத்துக்குத்தான். பெரிய அளவில், கறுப்பு வெள்ளையில், பத்திரிகை மாதிரி அச்சடித்தால் யாரும் கேட்க முடியாது. ஜேம்ஸ் வாரன் என்ற பதிப்பாளர் அந்தச் சந்தில் புகுந்து வந்துவிட்டார். 1969 செப்டம்பரில் வாம்பிரெல்லா முதல் இதழ். உருவாக்கியவர் ஃபாரஸ்ட் ஜே அக்கர்மேன், முதல் அட்டை ஃபிராங்க் ஃப்ராஸெட்டா.

அந்த உடையை வடிவமைத்தது ஒரு பெண், ட்ரீனா ராபின்ஸ். 2024-இல் இறந்துபோனார். உடையை வரைந்த அடுத்த வருடமே, 1970-இல், முழுக்க முழுக்கப் பெண்களே எழுதி வரைந்த முதல் அமெரிக்கக் காமிக்ஸைக் கொண்டுவந்தவரும் இவர்தான். பிறகு பெண் ஓவியர்களின் வரலாற்றையே தேடித் தேடி எழுதினார். அதனால் 'ஆம்பளைங்க வரைஞ்சது, அப்படித்தான் இருக்கும்' என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. பின்னால் வந்த ஓவியர்கள் அந்தத் துணியை வருடத்துக்கு வருடம் குறுக்கிக்கொண்டே போனார்கள் என்பது வேறு.

ஆனால் அவள் பிறந்த கதை அருமையான கதை. ட்ராகுலான் என்று ஒரு கிரகம். அங்கே ஆற்றில் ஓடுவதே ரத்தம். நமக்குத் தண்ணீர் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. பாவமும் இல்லை, சாபமும் இல்லை, யாரும் யாரையும் கடிக்கத் தேவையில்லை. ஆறு வற்றுகிறது, ஜனங்கள் சாகிறார்கள், அந்த நேரத்தில் பூமியிலிருந்து ஒரு விண்கலம் வந்து இறங்குகிறது. வந்தவர்களின் நரம்புக்குள்ளே ஆறு ஓடுகிறது என்று அவள் கண்டுபிடிக்கிறாள். பஞ்சத்தில் அடிபட்டவள், அவ்வளவுதான். எஸ்டேட்டில் வளர்ந்த எங்கள் பாட்டிகளுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் 'பாவம், பசி' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பூமிக்கு வந்தபிறகுதான் சிக்கல். ஆரம்பக் கதைகள் விளையாட்டுத்தனமானவை. பிறகு ஆர்ச்சி குட்வின் எழுத வந்து கதையைக் கனமாக்கினார், ஹொசே கோன்சாலெஸ் என்ற ஸ்பெயின்காரர் வரைய வந்தார். அவர் வரைந்த முகங்களை இன்றைக்கும் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அந்தக் கண்ணில் ஒரு களைப்பு இருக்கும். ஆனால் அதே காலத்தில்தான் அவளுக்கு ஒரு டாக்டர் ரத்தத்துக்குப் பதிலாக ஒரு மருந்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். அதைக் குடித்தால் பசி அடங்கும். இனிமேல் அவள் நல்லவள். கெட்ட காட்டேரிகளை வேட்டையாடலாம், உலகத்தைக் காப்பாற்றலாம், மருந்து தீர்ந்துபோகிற நாளில் மட்டும் கொஞ்சம் பதற்றம்.

இந்த இடத்தில் பினாங்குக்காரியான எனக்கு ஆணி ஞாபகம் வரும்.

இங்கே வளர்ந்தவர்களுக்குப் பொந்தியானாக் பற்றிச் சொல்லத் தேவையில்லை, தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். பிள்ளைப்பேற்றில் செத்துப்போன பெண். வாழைமரம், கம்போங் என்கிற கிராமத்து ஓரம், திடீரென்று செம்பகப் பூ வாசம், அப்புறம் சிரிப்பு. ஆண்களின் வயிற்றைக் கிழிப்பாள் என்பார்கள். அவளை அடக்க ஒரே வழி, பிடரியில் ஒரு ஆணியை அடித்துவிட வேண்டும். அடித்தவுடன் அழகான பெண்ணாகிவிடுவாள், சொன்ன பேச்சு கேட்கிற மனைவியாக இருப்பாள், பிள்ளைகூடப் பெறுவாள். ஆணியை எவனாவது பிடுங்கிவிட்டால் பழையபடி. சின்ன வயதில் இதைக் கேட்டபோது ஆணி அடிக்கிறவனைத்தான் வீரன் என்று சொல்லிக்கொடுத்தார்கள். வாம்பிரெல்லாவின் மருந்துக் குப்பியும் பொந்தியானாக்கின் ஆணியும் செய்கிற வேலை ஒன்றுதான். பயங்கரமானவளின் பசியை மட்டும் கழற்றி எடுத்துவிட்டு, அழகை வைத்துக்கொள்வது.

1957-இல் சிங்கப்பூரில் கேத்தே கெரிஸ் நிறுவனம் பொந்தியானாக்கை முதல் முறை திரைக்குக் கொண்டுவந்தபோது இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ், நடித்தவர் மரியா மெனாடோ. படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை, கதை மட்டும் மிச்சம். கூனியாகப் பிறந்த ஒருத்தி மந்திர மருந்தால் அழகியாகிறாள், நிபந்தனை என்னவென்றால் ரத்தத்தை வாயில் வைக்கக்கூடாது. புருஷனைப் பாம்பு கடிக்கிறது. விஷத்தை உறிஞ்சி எடு என்று கேட்பது அவன்தான். உறிஞ்சுகிறாள், பேயாகிறாள். அவளாகப் பசித்துக் குடித்தாள் என்று சொல்ல அந்தக் கதைக்கும் தைரியம் வரவில்லை பாருங்கள், புருஷனைக் காப்பாற்றப் போய்த்தான் கெட்டுப்போக வேண்டியிருக்கிறது.

இந்தப் பழைய இதழ்கள் எனக்கு எப்படிக் கிடைத்தன என்று சிலர் கேட்கலாம். சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன, ஊறுகாய் வாங்க வருகிற சுற்றுலாக்காரர்களுக்குத் தெரியாது, பினாங்கில் படித்த எல்லோருக்கும் தெரியும். பள்ளிப் பாடநூல் மலைக்கு நடுவே எப்போதாவது ஒன்று தென்படும். என்னிடம் உள்ள ஒரு பிரதியில் யாரோ கறுப்பு மார்க்கரால் பக்கம் பக்கமாகப் பூசியிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு இங்கே அப்படி ஒரு காலம் இருந்தது. இதில் ரசிக்கவேண்டியது என்னவென்றால், தொடையைப் பூசியிருக்கிறார், இடுப்பைப் பூசியிருக்கிறார், ஒரு கட்டத்தில் முழங்கையைக்கூட விடவில்லை மனுஷன். ஆனால் தலை வெட்டுப்படுகிற பக்கத்தில் ஒரு சொட்டு மை இல்லை. பளிச்சென்று இருக்கிறது.

தொண்ணூறுகளை வேகமாகத் தாண்டிவிடலாம். 'பேட் கேர்ள்' காலம் என்பார்கள். கேயாஸ் காமிக்ஸ் என்ற நிறுவனத்தின் பர்கட்டோரி, சாஸ்டிட்டி இப்படி வரிசையாக வந்தார்கள். பர்கட்டோரிக்குச் சிவந்த தோல், கொம்பு, இறக்கை, எகிப்தில் அடிமையாக இருந்து காட்டேரியானவள். அடிமைப்பட்ட ஒருத்தி ஆயிரமாயிரம் வருடம் கோபத்தோடு திரிகிறாள் என்பது எவ்வளவு பெரிய கரு! கையில் எடுத்தால் முதுகெலும்பு இல்லாத மாதிரி முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் தெரிய வளைந்து நிற்கிற படங்கள்தான். இவர்கள் நிறையவே குடிக்கிறார்கள், அதை மறுக்கமாட்டேன். ஆனால் குடிக்கும்போதும் உதட்டுச்சாயம் கலையாமல் கேமராவைப் பார்க்கிறார்கள். பசித்தவள் சோற்றைப் பார்ப்பாளா, நம்மைப் பார்ப்பாளா? இத்தாலியில் 1969-லேயே ஜாகுலா என்ற பெண் காட்டேரித் தொடர் பெரியவர்களுக்காக வந்தது, பின்னால் ஸோரா வந்தாள். அவற்றை இங்கே விவரிக்க முடியாது, என் அண்ணன் இதைப் படிப்பார்.

ஜப்பான் பக்கம் போனால் நிலைமை கொஞ்சம் மாறுகிறது, முழுக்க இல்லை. என் அண்ணன் மகள் கோலாலம்பூர் செட்டாப்பாக்கில் தங்கிப் படிக்கிறாள், விடுமுறைக்குப் பினாங்கு வரும்போதெல்லாம் மங்கா பற்றி எங்களுக்குள் வாய்ச்சண்டை நடக்கும். அவள் சின்ன வயதில் 'வேம்பயர் நைட்' பைத்தியம். மட்சூரி ஹீனோ என்ற பெண் எழுதி வரைந்தது, 2004 முதல் 2013 வரை சிறுமிகளுக்கான பத்திரிகையில் வந்தது. நாயகி யூகி காட்டேரிகளிடமிருந்து பள்ளியைக் காக்கிற காவல்காரி, பாதிக் கதையில் தானே தூய ரத்தக் காட்டேரி என்று தெரிகிறது. அந்தக் கதையில் சட்டைப் பொத்தான் அவிழ்ந்து கலைந்த முடியோடு நிற்பவர்கள் எல்லாம் பையன்கள்!

"அதுல யூகி ஒழுங்கா யூனிபார்ம் போட்டிருப்பா அத்தை. கழட்டிட்டு நிக்கிறது கனாமே. நீங்க அதை ஏன் பேசமாட்டேங்கறீங்க?"

பேசுகிறேன் மா. அவள் சொல்வது சரிதான். யார் படிக்கிறார்கள் என்பதை வைத்து யாரை அலங்கரிப்பது என்று தீர்மானமாகிறது. ஆனால் யூகிக்கும் பசி வந்தவுடன் அது காதலாகிவிடுகிறது. தாகம் என்றால் காதலிக்கிறவனுடைய ரத்தத்துக்கான தாகம், வேறு எவனுடையதும் அதைத் தீர்க்காது. கற்புள்ள காட்டேரி. இதைச் சொன்னதற்கு அவள் அரை நாள் என்னோடு பேசவில்லை.

என்னை உண்மையிலேயே யோசிக்கவைத்தவள் செராஸ் விக்டோரியா. கோட்டா ஹிரானோவின் 'ஹெல்சிங்', 1997-இலிருந்து 2008 வரை வந்தது. செராஸ் ஒரு சாதாரண போலீஸ்காரி. ஒரு காட்டேரிப் பாதிரியார் அவளைக் கேடயமாகப் பிடித்துக்கொள்ள, காட்டேரிகளை வேட்டையாடுகிற ஹெல்சிங் அமைப்பின் காட்டேரி ஆலுகார்ட் அவளோடு சேர்த்துச் சுட்டுத்தான் அவனைக் கொல்கிறான், பிறகு அவள் சாகாமலிருக்கக் கடித்துக் காட்டேரியாக்குகிறான். ஆரம்ப அத்தியாயங்களில் ஹிரானோ அவளை வரைந்திருக்கும் விதம் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை, சீருடைக்குள் இரண்டு பலூன். ஆலுகார்ட் அவளை 'போலீஸ் பொண்ணு' என்றே கூப்பிடுகிறான், பெயர் சொல்வதில்லை. தோளில் வைத்துச் சுட ஒரு மனுஷன் தூக்க முடியாத அளவு பீரங்கி கொடுக்கிறார்கள். ரத்தம் மட்டும் அவள் தொடமாட்டாள். தட்டில் வைத்துக் கொடுத்தாலும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். குடித்துவிட்டால் தன்னுள் இருக்கிற ஏதோ ஒன்று முடிந்துபோகும் என்று பயம்.

இந்த மறுப்பை ஹிரானோ நல்ல குணம் என்று பாராட்டவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. மற்றக் கதைகளில் குடிக்க மறுப்பவள் தேவதை. இங்கே குடிக்காததால் அவள் அரைகுறையாக நிற்கிறாள், ஆலுகார்ட் அதற்காகத் திட்டுகிறான். பிறகு அந்த மாளிகைத் தாக்குதல் வருகிறது. தாக்க வந்த எதிரிப்படைத் தலைவி ஸோரின் அவள் கையை வெட்டி, கண்ணைக் குருடாக்கி, அவள் மனதுக்குள் புகுந்து சின்ன வயதில் பெற்றோர் கொலையானதைத் திரும்பக் காட்டுகிறாள். கூலிப்படைத் தலைவன் பிப் அவளைக் காப்பாற்ற வந்து செத்துக்கொண்டே தன்னைக் குடிக்கச் சொல்கிறான். குடிக்கிறாள். வெட்டுப்பட்ட கை இருந்த இடத்தில் கறுப்பு நெருப்பு மாதிரி ஒரு நிழல் முளைக்கிறது. அப்புறம் ஸோரினின் முகத்தைச் சுவரில் வைத்துத் தேய்த்துக்கொண்டே போகிற பக்கங்கள் இருக்கின்றனவே, அந்த இடத்தில் பலூனாவது சீருடையாவது, ஒன்றுமே கண்ணில் படாது. முதல் முறை படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

ஆனாலும் ஒரு முள் இருக்கிறது. அவள் குடித்தது ஒரு ஆண் காதலோடு கொடுத்ததை. தன் பசிக்காகத் தானே எடுத்துக்கொள்ள அவளுக்கும் கடைசிவரை விடவில்லை.

அமெரிக்காவில் ஜூபிலிக்கும் இதே கதி. எக்ஸ்-மென்னில் மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு பட்டாசு மாதிரி ஒளி விடுவாளே, அந்தச் சீனப் பெண்தான். இங்கே என்னோடு படித்த சீனத் தோழிகளுக்கு அந்தப் பெரிய கூட்டத்தில் தங்களுடைய முகம் என்று இருந்தது இவள் ஒருத்திதான், அந்தப் பாசம் இன்னும் போகவில்லை. 2010-இல் அவளைக் காட்டேரியாக்கினார்கள். பசியை அடக்க வுல்வரின் தன் ரத்தத்தைக் கொடுக்கிறார், மறுபடியும் அப்பா ஸ்தானத்தில் ஒருவர். ஆனால் அதற்குப் பிறகு எழுதியவர்கள் ஒரு காரியம் செய்தார்கள், அவளுக்கு ஒரு ஆதரவற்ற கைக்குழந்தையைக் கொடுத்தார்கள், ஷோகோ. பகலில் வெளியே போக முடியாத, ரத்தத்துக்கு ஏங்குகிற ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு. பிள்ளைப்பேற்றில் செத்த நம்ம ஊர் பொந்தியானாக்குக்குக் கிடைக்காதது இவளுக்குக் கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன். அந்தப் பசியையும் தாய்மையையும் ஒரே வீட்டுக்குள் வைத்து ஒரு நூறு பக்கமாவது எழுதியிருக்கலாம். மேலோட்டமாகத் தொட்டுவிட்டு, சில வருடத்தில் குணமாக்கி மனுஷியாக்கிவிட்டார்கள்.

சரி, யார்தான் ஒழுங்காகச் செய்தது என்று கேட்டால், பேர்ல் ஜோன்ஸ்.

'அமெரிக்கன் வேம்பயர்', 2010, வெர்டிகோ வெளியீடு. ஸ்காட் ஸ்னைடர் எழுத்து, ரஃபேல் அல்புகர்க்கி ஓவியம். முதல் ஐந்து இதழில் இன்னொரு பாதிக் கதையை ஸ்டீபன் கிங் எழுதினார், அடுத்த வருடம் புதிய தொடருக்கான ஐஸ்னர் விருதும் வாங்கியது. 1925, லாஸ் ஏஞ்சலஸ். பேசாப்பட காலத்தில் கூட்டத்தில் ஒருத்தியாக நடித்துக்கொண்டு, இன்னும் ரெண்டு மூன்று வேலை பார்த்து வாடகை கட்டுகிற பெண் பேர்ல். பெரிய தயாரிப்பாளர் வீட்டு விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள். போகிறாள். அங்கே இருப்பதெல்லாம் ஐரோப்பாவிலிருந்து வந்த பணக்காரக் காட்டேரிகள், கூட்டமாக அவளைக் குடித்துவிட்டுப் பாலைவனத்தில் ஒரு குழியில் பிணங்களோடு எறிந்துவிடுகிறார்கள். சினிமாத்துறையில் பெண்களுக்கு என்ன நடந்தது என்று உலகம் வாய்விட்டுப் பேச ஆரம்பித்தது இதற்கெல்லாம் ஏழு வருடம் கழித்துத்தான். ஸ்கின்னர் ஸ்வீட் என்ற பழைய கொள்ளைக்காரக் காட்டேரி தன் ரத்தத்தை அவள் கண்ணில் சொட்டவிட, புது வகைக் காட்டேரியாக எழுந்திருக்கிறாள். வெயில் இவளை ஒன்றும் செய்யாது, தங்கம்தான் ஆகாது.

அப்புறம் அவள் பசியோடு போகிறாள். தானாகப் போகிறாள். யாரும் தட்டில் கொடுக்கவில்லை, யாரும் அனுமதி தரவில்லை. அல்புகர்க்கி அந்த முகத்தை வரைகிற விதத்தைப் பாருங்கள். தாடை பாம்பு மாதிரி கழன்று கீழே இறங்குகிறது, கண் கறுத்துவிடுகிறது, விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு கத்தி நீளம். பார்ப்பவனுக்காக ஒரு கோடுகூட இல்லை. அடுத்த பக்கத்தில் பழையபடி குட்டை முடி வைத்த மெலிந்த பெண்ணாகத் திரும்பும்போது நமக்கு அந்தத் தாடை மறக்காது, அதனால் அவள் காதலிக்கும்போதும் சிரிக்கும்போதும் ஒரு பயம் கூடவே ஓடும். ஹென்றி என்ற இசைக்கலைஞனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அவன் மனுஷனாகவே இருந்து வயதாகிக்கொண்டே போகிறான், இவள் அப்படியே இருக்கிறாள். அவர்கள் வீட்டுக் காட்சிகள்தான் தொடரிலேயே சிறந்தவை என்பேன், சண்டைக்காகப் படிப்பவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

இந்தக் கோரமான முகத்தைப் பார்த்தவுடன் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை, ஏனென்றால் நம்மிடம் இது ஆயிரம் வருடத்துக்கு மேலாக இருக்கிறது. காரைக்கால் அம்மையார் புருஷன் விட்டுப்போனபிறகு இந்த அழகு இனி எனக்கு எதற்கு என்று கழற்றிப்போட்டுவிட்டுப் பேயுருக் கேட்டு வாங்கினவர். திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் ஒரு பெண் பேயை வர்ணிக்கிறார், மார்பு வற்றி, நரம்பு புடைத்து, கண் குழிந்து, வயிறு ஒட்டி, பல் நீண்டு. எழுதியது ஒரு பெண், எழுதப்பட்டது தன்னையே. எந்தக் கட்டத்துக்குள்ளும் எந்த ஓவியனும் இதைக் கவர்ச்சியாக வளைக்க முடியாது. கலிங்கத்துப்பரணிக்கு வந்தால் பேய்கள் பட்டினி கிடந்து காளியிடம் முறையிடுகின்றன, போர் முடிந்த களத்தில் இறங்கி ரத்தத்தையும் நிணத்தையும் போட்டுக் கூழ் காய்ச்சுகின்றன, ஆளுக்கு ஆள் பரிமாறி வயிறு முட்டக் குடிக்கின்றன. ஜெயங்கொண்டார் அதை ஒரு கல்யாணவீட்டுச் சமையல்கட்டு மாதிரி எழுதிவைத்திருக்கிறார், அவ்வளவு கலகலப்பு. பெண் பேய் பசிக்கலாம், சமைக்கலாம், தின்னலாம், சிரிக்கலாம். யாரும் மருந்துக் குப்பி நீட்டவில்லை.

அப்புறம் அதே ஆலங்காட்டுப் பக்கம் பழையனூர் நீலி. போன பிறவியில் தன்னைக் கொன்ற புருஷனைத் தேடி, கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பஞ்சாயத்தில் எழுபது வேளாளர் முன்னால் நின்று வாதாடி, அவன் கையில் இருந்த வாளை அவர்களை வைத்தே வாங்கவைத்து, ராத்திரி காரியத்தை முடிக்கிறாள். இதைவிட ஒரு ஆக்‌ஷன் கதை வேண்டுமா? ஆனால் தமிழ் காமிக்ஸில் என் தலைமுறைக்கு நாயகி என்றால் ஆங்கில உளவுக்கதைகளின் மாடஸ்டிதான். 1984-இல் லயன் காமிக்ஸ் முதல் இதழே அவளை வைத்துத்தான் வந்தது, ரசிகர்கள் இன்றும் 'இளவரசி' என்றுதான் சொல்வார்கள். இங்கே அப்பா வாங்கிச் சேர்த்த இதழ்களில் நானும் அவளைத்தான் முதலில் பார்த்தேன். இளவரசி மேல் எனக்குக் குறையே இல்லை. ஆனால் லண்டன் உளவுக்கதையை சிவகாசியில் அச்சடித்து பினாங்குவரை கொண்டுவர முடிந்த நமக்கு, வீட்டு வாசலில் நிற்கிற நீலியை எழுபது பக்கத்தில் வரைய இன்னும் ஆள் கிடைக்கவில்லையே என்று ஒரு ஆதங்கம்.

சமீப காலத்தில் பெண்கள் எழுத வந்தபிறகு மாற்றம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. வாம்பிரெல்லாவை 2014-இல் நான்சி காலின்ஸ் எழுதினார், 2016-இல் கேட் லெத் வந்தபோது உடையையே மாற்றி உடம்பை மூடினார்கள், செய்தியானது. கொஞ்ச காலம்தான், பழைய நாடா திரும்பி வந்துவிட்டது. உடையை மாற்றுவது சுலபம், விற்பனை குறைந்தால் திரும்ப மாற்றுவது அதைவிடச் சுலபம். ஏமி சூ 2023-இல் எழுதிய 'கார்மில்லா' எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 1872-இல் லெ ஃபானு எழுதிய பழைய கதையை எடுத்து, தொண்ணூறுகளின் நியூயார்க் சைனாடவுனில் வைத்து, ஒரு சமூகநலப் பணியாளரான சீனப் பெண் வீடில்லாத இளம்பெண்கள் கொலையாவதைத் துப்பறிகிறாள் என்று எழுதியிருக்கிறார். அதில் யார் யாரைத் தின்கிறார்கள் என்ற கேள்வி வாயோடு நிற்கவில்லை, ஊருக்கே போகிறது. காட்டேரி வேட்டைக்காரன் ப்ளேடின் மகள் ப்ரியல் வந்திருக்கிறாள், பள்ளிக்கூடப் பெண், நன்றாகத்தான் இருக்கிறது, இன்னும் வளரட்டும்.

என் அண்ணன் மகளும் இப்போது ஒன்று வரைந்துகொண்டிருக்கிறாள். டிசம்பரில் காமிக் ஃபியஸ்டா என்ற காமிக்ஸ் திருவிழா வரும்போது மேசை போட்டு விற்கவேண்டும் என்று ஆசை. ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் தங்கியிருக்கிற தமிழ்க் காட்டேரி, பகலில் நாசி கண்டார் கடையில் கல்லாவில் உட்காருகிறாள். டேப்லெட்டில் காட்டினாள். உடை நன்றாக இருக்கிறது, ஜீன்ஸும் கடைச் சட்டையும். முகம் நன்றாக இருக்கிறது. ஏழாவது பக்கத்தில் அவளுக்குப் பசிக்கிறது, எட்டாவது பக்கத்தில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற தோழி ரத்தப் பையைக் கொண்டுவந்து கொடுக்கிறாள்.

"ஏன் டி, அவளே போய் எடுத்துக்கமாட்டாளா?"

"யாரை அத்தை கடிக்கிறது? கடிச்சா படிக்கிறவங்களுக்குப் பிடிக்காதே."

அதுதான் விஷயம். கடித்தால் பிடிக்காமல் போகும் என்று இருபது வயதுப் பெண்ணுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை, படித்த கதைகளெல்லாம் சேர்ந்து சொல்லிக்கொடுத்திருக்கின்றன. பேர்லின் முதல் தொகுதியை அவள் பையில் வைத்து அனுப்பியிருக்கிறேன். நீங்களும் படிக்க ஆரம்பிப்பதாக இருந்தால் அதிலிருந்து ஆரம்பியுங்கள், கோலாலம்பூர் கேஎல்சிசி கினோகுனியா புத்தகக்கடையில் கேட்டுப் பாருங்கள், விலை கொஞ்சம் கையைக் கடிக்கும். வாம்பிரெல்லா என்றால் கோன்சாலெஸ் வரைந்த கறுப்பு வெள்ளைக் கதைகளைத் தேடுங்கள். ஹெல்சிங் முதல் இரண்டு தொகுதியில் எரிச்சல் வரும், விட்டுவிடாதீர்கள். எட்டாவது பக்கத்தை அவள் மாற்றினாளா என்று டிசம்பரில் அந்த மேசைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு இதுவரை காட்டவில்லை.